பிள்ளையின் சோற்றுக்கும் சொல்லுக்கும் விலையா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, பஞ்சாலைப் பகுதி ஒன்றிலிருந்து ஒரு தோழர் நமது அலுவலகத்துக்கு வந்தார். ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்பவர். இரவு ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருந்தார். தலைமயிரில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. போனஸ் பற்றியோ, வேலைப்பளு பற்றியோ பேச வந்திருப்பார் என்றுதான் எண்ணினோம். ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தது மில் நோட்டீஸ் அல்ல. ஒரு சிறு பிளாஸ்டிக் விசில்.

“பையனுக்கு மூணு வயசு தோழர். அஞ்சு மாசமா காசு கட்டி இதை ஊதக் கத்துக்கிட்டான். இன்னும் அம்மான்னு கூப்பிடல. ஒரு பருக்கைச் சோறு மெல்லல. தொடரலாமா, நிறுத்தலாமா? அதைச் சொல்லுங்க” என்றார்.

அவருடைய மனைவி விவசாயக் கூலி. நடவுக்கும் களைக்கும் போகிறவர். பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. விரலால் எதையும் சுட்டிக் காட்டுவதில்லை. குழைத்த இட்லியும் ஒரே வகைப் பிஸ்கட்டும் தவிர வேறு எதையும் வாயில் வைப்பதில்லை. முதலில் ஐயப்பட்டது அங்கன்வாடி ஊழியர். பட்டணத்து டாக்டர் ஆட்டிசம் என்றார். கூடவே வாய்த்தசைப் பயிற்சி வேண்டும் என்று ஒரு சீட்டும் எழுதித் தந்தார். சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் ஒரு தனியார் மையத்தைக் கண்டுபிடித்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, மாதத்துக்கு எட்டு முறை. முறைக்கு 500 ரூபாய் வீதம் 4,000 ரூபாய். பஸ் கட்டணம் 640 ரூபாய். தாய் வேலைக்குப் போகாத எட்டு நாள் கூலி, நாளுக்கு 400 வீதம் 3,200 ரூபாய். ஆக, மாதம் 7,840 ரூபாய். தகப்பன் இரவு பகலாக நின்று வாங்கும் சம்பளம் 13,000 ரூபாய். ஐந்து மாதத்தில் 39,200 ரூபாய் போயிற்று. பாட்டியின் கம்மல் அடகுக் கடையில் இருக்கிறது. மிச்சம் இந்த விசில்.

இது ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரம், இதற்குத் தலையங்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கூலி வெட்டினால் அது நம் விவகாரம். வாங்கிய கூலியில் பாதிக்கு மேல் பிள்ளையின் வைத்தியம் என்ற பெயரில் பறிபோனால் அது நம் விவகாரம் இல்லையா? தொழிலாளியின் பிள்ளை பசியோடும் பேச்சில்லாமலும் இருக்க, வழி தெரியாமல் பெற்றவர்கள் ஊர் ஊராகத் திரிவது விதி அல்ல. ஒரு சமுதாயம் தன் செல்வத்தை எதற்குச் செலவிடுகிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. ஆகவே தோழர் கேட்ட கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் ஒரு பழியைத் துடைப்போம்.

ஆட்டிசம் என்ற நிலையை 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து 1943-ல் முதன்முதலாக விரிவாக எழுதியவர் அமெரிக்காவிலிருந்த டாக்டர் லியோ கேனர். அதன்பின் பல ஆண்டுகள் மேலை நாடுகளில் ஒரு கொடிய கருத்து உலவிற்று. தாயின் மனம் பனிக்கட்டிபோல் குளிர்ந்து கிடப்பதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் இதை ஒரு தடித்த புத்தகமாகவே எழுதினார். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1964-ல், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பனாரும் மனோதத்துவ நிபுணருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடலோடு, மூளையின் வளர்ச்சியோடு பிறந்த நிலை, தாய் செய்த குற்றம் அல்ல என்று சான்றுகளோடு வாதிட்டிருந்தார். பிற்கால ஆராய்ச்சி ரிம்லண்டின் பக்கமே நின்றது. பெட்டல்ஹைமின் பழி குப்பைக்குப் போயிற்று.

ஆனால் நம் ஊர்களில் அந்தப் பழி வேறு வேஷத்தில் இன்னும் நடமாடுகிறது. கிரகணத்தில் வெளியே போனாள், வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாள், செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாள் என்று தாயைக் குத்துகிறார்கள். சகோதரிகளே! நீங்கள் வயலுக்குப் போனதால் உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் வரவில்லை. அப்படிச் சொல்பவன் மாமியாராக இருந்தாலும், கோட்டு அணிந்த பண்டிதனாக இருந்தாலும், அவன் சொல்வது பொய்.

இனி விசிலுக்கு வருவோம்.

வாய்த்தசைப் பயிற்சி என்றால் என்ன? தாடை, உதடு, கன்னம், நாக்கு ஆகியவற்றை அசைக்கவும் வலுப்படுத்தவும் தரும் பயிற்சி. விசில் ஊதுதல், குழலால் உறிஞ்சுதல், சோப்புக் குமிழி ஊதுதல், நாக்கை இடமும் வலமும் நீட்டுதல், பிரஷ்ஷினால் ஈறையும் கன்னத்தையும் தேய்த்தல் எனப் பல உண்டு. இதில் இரண்டு காரியங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று சோறு; மற்றொன்று சொல். இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும்.

சொல்லை முதலில் பார்ப்போம். விசில் ஊதினால் பேச்சு வருமா? அமெரிக்காவில் லோஃப், வாட்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர் 2008-ல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே பேச்சுப் பயிற்சி தருவோரில் நூற்றுக்கு 85 பேர் இத்தகைய பயிற்சிகளைப் பேச்சு வரவழைப்பதற்காகப் பயன்படுத்தி வந்தார்கள். அடுத்த ஆண்டே, 2009-ல், மெக்காலி முதலியோர் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சலித்துப் பார்த்தார்கள். இந்தப் பயிற்சிகளால் பேச்சு முன்னேறுகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. ஊரெல்லாம் செய்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

காரணமும் நமக்கு விளங்காததல்ல. வயலில் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை எவ்வளவு வலுவானாலும், ஓடும் ஸ்பிண்டிலில் அறுந்த இழையை ஒட்டும் வித்தை அந்த வலுவினால் வந்துவிடுமா? இழை ஒட்டித்தான் இழை ஒட்டக் கற்க வேண்டும். அதுபோலப் பேச்சு என்பது நாக்கின் பலப் பரீட்சை அல்ல. பேசுவதற்கு நாக்கின் முழு வலுவில் ஒரு சிறு பங்குதான் தேவைப்படுகிறது. ஒலியைக் கேட்டு, பொருளோடு சேர்த்து, இன்னொருவரிடம் சொல்ல விரும்பி, அந்த நொடியில் வாயை ஓட்டும் வேலை அது. ஆட்டிசம் உள்ள பெரும்பாலான குழந்தைகளிடம் தடைப்பட்டிருப்பது நாக்கின் வலு அல்ல; மற்றவரோடு கொடுத்து வாங்கும் உறவாட்டம்.

வசம்பைத் தேய்த்தால் பேச்சு வரும் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயரும் வைத்தார்கள். அதைப் பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று கேலி செய்கிறார்கள். குளிர்சாதன அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், 500 ரூபாய்க்கு விசிலைக் கொடுத்துப் பேச்சு வரும் என்று சொன்னால் அது விஞ்ஞானமா? பாட்டி காசு வாங்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்!

அடுத்தது சோறு. இங்கே விஷயம் வேறு. மெல்லவும் விழுங்கவும் உண்மையிலேயே முடியாத குழந்தைகள் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடமும் தசைத் தளர்ச்சி உள்ளவர்களிடமும் இது அதிகம். அவர்களுக்குத் தேர்ந்தவர் கையால் தரும் வாய்ப் பயிற்சிக்கும் ஊட்டும் முறைக்கும் இடமுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தை சோற்றைத் தள்ளுவதற்குப் பெரும்பாலும் காரணம் தசை அல்ல. அதன் நாக்குக்கும் மூக்குக்கும் தோலுக்கும் உலகம் வேறு விதமாகப் படுகிறது. நமக்கு வெறும் பருப்புச் சோறு. அதற்கு வழவழப்பும் நறநறப்பும் கலந்த தாங்க முடியாத ஒரு பொருள். நிறம் மாறினால், தட்டு மாறினால் கூட அது மிரளும். அதைப் பிடிவாதம் என்று எண்ணி மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது கொடுமை, பயனுமில்லை. திணித்தால் பயம் கூடும். இன்று உண்பதையும் நாளை விட்டுவிடும்.

ஆகவே, அந்தத் தோழருக்கு நாம் சொன்னது இது: விசிலை நிறுத்துங்கள், பிள்ளையைக் கவனிப்பதை நிறுத்தாதீர்கள். இதே நிலையிலுள்ள எல்லாப் பெற்றோருக்கும் அதையே சொல்கிறோம்.

முதற்காரியம் காதுச் சோதனை. கதவை அறைந்தால் திரும்புகிறானே, காது கேட்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அது போதாது. சில ஒலிகள் கேட்டுச் சில ஒலிகள் கேளாமலிருக்கும் பிள்ளைகள் உண்டு. குழந்தை பதில் சொல்லாமலே கருவி வைத்துச் சோதிக்கும் முறைகள் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. இரண்டாவது, பல். சொத்தைப் பல் வலிக்கும் பிள்ளை மெல்லுமா? வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க வேண்டியது நாம்தான். மூன்றாவது, ஆபத்துக் குறிகள். உண்ணும்போதெல்லாம் இருமல், புரையேறுதல், உண்டபின் குரல் கரகரத்து ஈரமாக ஒலித்தல், அடிக்கடி மார்புச் சளிக் காய்ச்சல், எடை குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் டாக்டர் பார்த்தாக வேண்டும். உணவு நுரையீரலுக்குள் போகிறதா என்று கண்டறிய வேண்டிய நேரம் அது.

இவை இல்லையென்றால் சோற்றுக்கு வழி பொறுமைதான். பிள்ளை உண்ணும் உணவைப் பறிக்காமல், அதன் பக்கத்திலேயே புதியதைச் சிறிது வைக்க வேண்டும். முதலில் பார்க்கட்டும், பிறகு தொடட்டும், பிறகு முகரட்டும், பிறகு நாவால் தீண்டட்டும். குழைத்த இட்லியிலிருந்து அத்தனை குழையாத இட்லி. அதிலிருந்து இட்லித் துண்டு. அதிலிருந்து குழைந்த சோறு. ஒவ்வொரு படிக்கும் வாரங்கள் ஆகலாம். கால் தொங்காமல் ஊன்றி உட்கார்ந்து, வீட்டாரோடு சேர்ந்து உண்ணட்டும். சொல்லுக்கு வழி, பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சிறு சொற்களில் சொல்வது; அதன் விளையாட்டில் நாம் சேர்வது; கேட்டு வாங்க ஒரு வழி அமைத்துத் தருவது. அந்த வழி சைகையாக இருக்கலாம், படமாக இருக்கலாம். தண்ணீர்ச் செம்பின் படத்தை எடுத்துக் கொடுத்தால் தண்ணீர் கிடைக்கும் என்று பிள்ளை அறியட்டும். படம் காட்டப் பழகினால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் வேண்டாம். அது பேச்சைத் தடுப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய்மொழியை விட்டு இங்கிலீஷில் பேச வேண்டும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்க வேண்டாம். வீட்டுப் பேச்சே பிள்ளையின் பேச்சு.

ஆனால் இதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள், சர்க்காருக்குப் பொறுப்பில்லை என்று நாம் சொல்லவில்லை. வழி காட்டத் தேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். அவர் பிள்ளையைப் பார்த்து, தாய் தகப்பனுக்குச் செய்து காட்டி, மாதாமாதம் சரிபார்க்க வேண்டும். அந்த ஆள் எங்கே இருக்கிறார்? இதுதான் மூலக் கேள்வி.

சட்டப் புத்தகத்தில் இருக்கிறார்! 2016-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை நிலைகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. அதன் 25-வது பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதி என்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க வேண்டும் என்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். குறை கண்ட பிள்ளையை ஜில்லா ஆஸ்பத்திரியிலோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த மையத்தில் காது கேட்பதைச் சோதிப்பவரும் பேச்சுப் பயிற்சியாளரும் மனோதத்துவ நிபுணரும் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய சர்க்காரின் தேசிய நிறுவனம் ஒன்றும் இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிரமயா என்ற இன்ஷுரன்ஸ், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவை ஏற்கிறது. பயிற்சிச் செலவும் அதில் சேரும். உலக வங்கிக் கடனோடு ராஜ்ய சர்க்கார் நடத்தும் உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களும் திறக்கப்பட்டிருக்கின்றன.

இவ்வளவும் இருக்க, அந்தத் தோழர் ஏன் தனியார் மையத்துக்குப் போனார்? இவற்றில் ஒன்றையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆட்டிசம் என்று சொன்ன டாக்டர் சீட்டு எழுதினார். சர்க்கார் மையத்தின் பெயரை எழுதவில்லை. நமது கிளைச் செயலாளர் கூடவே போய்ப் பிள்ளையைச் சர்க்கார் மையத்தில் காட்டினார். காதைச் சோதித்தார்கள், காது நன்றாயிருந்தது. பல்லைப் பார்த்தார்கள், இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை. ஐந்து மாதமாக விசிலும் பிரஷ்ஷும் புகுந்து வந்த அந்த வாய்க்குள் ஒருவரும் பல்லைப் பார்க்கவில்லை! அங்கிருந்த பேச்சுப் பயிற்சியாளர் நல்ல அம்மையார். அரை மணி நேரம் தாயோடு உட்கார்ந்து செய்து காட்டினார். ஆனால் அவர் அந்த மையத்துக்கு வருவது வாரத்தில் ஒரு நாள். வராண்டாவில் காத்திருந்த பிள்ளைகளோ நாற்பதுக்கு மேல். அடுத்த முறைக்கு ஆறு வாரம் கழித்துத் தேதி. அந்த அம்மையாரை நாம் குறை சொல்லவில்லை. ஒரே ஆளை நாலு இடத்துக்கு ஓடவிட்டு, திட்டம் நடக்கிறது என்று கணக்கு எழுதுகிறவர்களைக் குறை சொல்கிறோம்.

சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 6 வயதிலிருந்து 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பயிற்சி மிகவும் பலன் தரும் காலம் ஆறு வயதுக்கு முன்புதான். அந்த வயதில் பிள்ளைக்கு உறுதியான இடம் இல்லை. வரிசை இருக்கிறது, தேதி இருக்கிறது, வராண்டா இருக்கிறது. சர்க்கார் விட்ட அந்த இடைவெளியில்தான் வியாபாரி கடை விரிக்கிறான். நல்ல முறையில் நடத்தும் தனியார் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்; அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் பெற்றவர்களின் பயத்தையே மூலதனமாக்கி, ‘இப்போது விட்டால் காலம் போய்விடும்’ என்று மிரட்டி, மாதக் கணக்கில் முன்பணம் வாங்கும் கடைகளும் பெருகிவிட்டன. 1992-ம் ஆண்டு இந்தியப் புனர்வாழ்வு கவுன்சில் சட்டப்படி, பதிவு பெறாதவர் இத்தொழில் நடத்துவது குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எத்தனை கடைகளில் அதிகாரிகள் நுழைந்து பதிவைப் பார்த்திருக்கிறார்கள்?

ஆகவே எந்த மையத்துக்குப் போனாலும் நான்கு கேள்விகளைக் கூசாமல் கேளுங்கள். உங்கள் பதிவு எண் என்ன? இந்தப் பயிற்சி சோற்றுக்கா, சொல்லுக்கா? மூன்று மாதத்தில் எந்த மாற்றத்தைக் கண்டால் பலன் என்று கொள்வது? வீட்டில் நாங்கள் செய்ய என்ன சொல்லித் தருவீர்கள்? பெற்றவர்களை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்பவரிடமும், இந்த நான்குக்கும் பதில் சொல்லாதவரிடமும் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

இது தனி மனிதர் எச்சரிக்கையோடு முடிகிற காரியம் அல்ல. ஸ்தாபன பலத்தால் முடிக்க வேண்டிய காரியம். எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் நிரந்தரப் பேச்சுப் பயிற்சியாளரையும் செயல்முறைப் பயிற்சியாளரையும் நியமிக்க வேண்டும். ஜில்லா மையங்களில் எத்தனை இடம் காலி என்பதைச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் வைத்து, உலக வங்கிக் கடன் தீர்ந்ததும் மையத்தைப் பூட்டும் ஏற்பாடு கூடாது.

2. பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்து வரும் தாய் அல்லது தகப்பனுக்குப் பஸ் கட்டணமும் அன்றையக் கூலியும் தர வேண்டும். விவசாயக் கூலிக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் உலை இல்லை. இலவச வைத்தியத்துக்கு அவள் கொடுக்கும் உண்மையான விலை அதுதான்.

3. பஞ்சாலைகளில் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்குச் சம்பளத்தோடு விடுமுறையும், கேட்கும் ஷிப்டும் தர வேண்டும். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. காப்பகம் அறிவிப்புப் பலகையில் இருந்தால் போதாது. ஆட்டிசம் உள்ள பிள்ளையையும் ஏற்கும் பழகிய ஆயா அங்கே இருக்க வேண்டும்.

4. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடித்துக்கொள்ளும் இ.எஸ்.ஐ., அவன் பிள்ளையின் பயிற்சிக்குத் தன் ஆஸ்பத்திரியிலேயே வசதி செய்ய வேண்டும். இயலாவிட்டால் வெளியில் ஆகும் செலவை முழுதும் ஏற்க வேண்டும்.

5. தனியார் மையங்கள் பதிவு எண்ணையும் கட்டணத்தையும் தமிழில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். பேச்சு வரும் என்று உத்தரவாதம் கூறி விளம்பரம் செய்வதைத் தடுக்க வேண்டும்.

6. முதலில் கண்டுபிடிப்பவர் அங்கன்வாடி ஊழியரே. அவருக்குப் பயிற்சி தர வேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளமும் தர வேண்டும். அவர் எழுதித் தரும் சீட்டை ஆஸ்பத்திரி மதிக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். முதலாளிகளுக்கு வரிச்சலுகை தரும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை. பிள்ளைகளின் சோற்றுக்கும் சொல்லுக்கும் கேட்டால் மட்டும் கஜானா காலியாகிவிடுகிறது!

தொழிற்சங்கக் கிளைகளுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், உங்கள் சேரியில், உங்கள் லைன் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைத்து வைத்திருப்பார்கள். தோழமையோடு கதவைத் தட்டுங்கள். தனித்துவ அடையாள அட்டைக்கு மனுப் போட உதவுங்கள். சர்க்கார் மையத்துக்கு ஒருவர் கூடவே போங்கள். மறுத்தால் எழுத்தில் மறுப்பைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உதவித் தொகைக்காகத் தெருவில் இறங்கிப் போராடிவரும் அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கத்தோடு கைகோர்த்து நில்லுங்கள். நாற்பது தாய்மார் தனித்தனியே வராண்டாவில் காத்திருந்தால் அது வரிசை. அவர்களே சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றால் அது இயக்கம்.

விசிலைக் கொண்டுவந்த தோழர் சென்ற வாரம் மறுபடியும் வந்தார். பையன் இன்னும் அம்மா என்று கூப்பிடவில்லை. எப்போது கூப்பிடுவான் என்று நாம் வாக்குக் கொடுக்கவும் மாட்டோம். அப்படி வாக்குக் கொடுப்பவரை நம்பவும் வேண்டாம். பல்லுக்கு வைத்தியம் ஆயிற்று. தகப்பனார் கையால் வரைந்த செம்பின் படத்தைப் பையன் எடுத்துவந்து தாயின் மடியில் வைக்கிறானாம். அவள் தண்ணீர் கொடுக்கிறாளாம். முந்தாநாள் அவள் தட்டிலிருந்த தோசைத் துண்டைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, திருப்பி வைத்துவிட்டான். “வீசி எறியல தோழர், வச்சான்” என்றார்.

அவன் கேட்கத் தொடங்கிவிட்டான். அவன் சார்பில் சர்க்காரிடம் கேட்க வேண்டியது நாம். அந்தப் பிள்ளைக்குப் பொறுமை வேண்டும். சர்க்காரிடம் பொறுமை காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஆறு வாரத் தேதி வேண்டாம்! தாலுகாவுக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும்! இந்தக் கோரிக்கை ஒவ்வொரு மில் கேட்டிலும், ஒவ்வொரு வரப்பிலும் ஒலிக்கட்டும்!